தம்பதி சமேதராக இத்தாலியில் சண்டை போடுவது எப்படி?

இத்தாலிக்குத் தேனிலவு போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. அவர்களுக்கு இன்னும் ஒழுங்காகச் சண்டை போட வராது. கல்யாணமாகிப் பதினைந்து, இருபது வருஷம் ஆகி, பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் மேலே படிக்கலாம். இரண்டு பேர், நாலு பெட்டி, சார்ஜ் குறைந்துகொண்டே வரும் ஒரு செல்போன் மேப். சண்டை வராமல் போகாது. வரக் கூடாது என்று குலதெய்வத்துக்கு ஒரு ரூபாய் முடிந்துவைப்பதைவிட, எந்த ஊரில், எதற்காக, எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே திட்டம் போட்டுக்கொண்டால், கொடுத்த காசுக்கு உருப்படியான சண்டையாகப் போட்டுவிட்டு வரலாம்.

இந்த விஷயத்தில் இத்தாலியை அடித்துக்கொள்ள ஆளில்லை. இந்த ஊரும் அந்த ஊரும், ஒரே ஊருக்குள் இந்தப் பேட்டையும் அந்தப் பேட்டையும், ஒரே பேட்டைக்குள் இந்த வீடும் அந்த வீடும் என்று நூற்றாண்டுக் கணக்கில் மோதிக்கொண்டவர்கள். அதற்கென்றே கோபுரமும் மதிலும் கட்டிவைத்து, இப்போது அதைப் பார்க்க நம்மிடம் டிக்கெட் வாங்குகிறார்கள்.

ரோமில் சண்டையை நின்றுகொண்டேதான் போட வேண்டும். ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்து ஆற அமரப் பேசித் தீர்க்கலாம் என்றால், 2019 முதல் அங்கே உட்காரத் தடை. அபராதம் 400 யூரோ வரை போகும். ஆகவே, "இதோ பக்கத்துலதான், நடந்தே போயிடலாம்" என்று யார் சொன்னாரோ அவர் கூடவே நடந்து, கருங்கல் பாவிய தெருவில் கால் பிசகும்போதெல்லாம் ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டு வாருங்கள். தொண்டை வறண்டால் தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டியதில்லை. முக்குக்கு முக்கு வளைந்த குழாய் வைத்த இரும்புத் தூண் நிற்கும். நல்ல குடிதண்ணீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே இருக்கும் பொடி ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வாய்க்கு வரும். பழகாதவர் அடைத்தால் பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கு வரும். பக்கத்தில் யாரை நிறுத்துவது என்பது உங்கள் சௌகரியம்.

ட்ரெவி நீரூற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, வலது கையால் இடது தோளுக்கு மேலாகக் காசு எறிந்தால் மறுபடி ரோமுக்கு வருவோம் என்பது ஐதீகம். எவ்வளவு எறிவது என்பதில் பேதம் வரும். "பத்து சென்ட் போதாதா?" என்று கேட்பவரைச் சும்மா விடாதீர்கள். அந்தக் காசெல்லாம் வருஷத்துக்குப் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் சேர்ந்து, ஏழைகளுக்காகக் கரித்தாஸ் தொண்டு நிறுவனத்துக்குப் போகிறது. பத்து சென்ட்காரரை 'ஏழை வயிற்றில் அடிப்பவர்' என்று பகிரங்கமாகச் சொல்லலாம். இரண்டு யூரோ எறிந்தவர் அடுத்த தெருவில் காஃபிக் கடையில் மேஜை பார்த்து உட்கார்ந்துவிட்டால் பழி தீர்க்கும் முறை மற்றவருடையது. இத்தாலியில் கவுண்டரில் நின்று குடிக்கும் காஃபிக்கு ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் இன்னொரு விலை. அதே காஃபி, அதே கோப்பை. நாற்காலிக்குத்தான் காசு.

வழி தெரியாத சண்டைக்கு வெனிஸுக்கு நிகர் வெனிஸ்தான். சந்து முனையில் மஞ்சள் பலகை, 'ரியால்தோ பாலத்துக்கு' என்று அம்புக்குறி. சில முனைகளில் அதே பாலத்துக்கு இடப்பக்கம் ஓர் அம்பு, வலப்பக்கம் ஓர் அம்பு. இரண்டுமே சரி. இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த நகராட்சியும் தம்பதிகளுக்குச் செய்து தந்ததில்லை. கதவு எண்ணும் தெருவாரியாகக் கிடையாது. ஊரை ஆறு பேட்டையாகப் பிரித்து, பேட்டை முழுக்க ஒரே தொடராக ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும். "மேப் இங்கதான் காட்டுது" என்று ஒருவர் வாய்க்கால் விளிம்பில் நின்று சொல்லும்போது மற்றவர் சிரித்துவிடக் கூடாது. சிரிப்பு வந்தால் சண்டை கெட்டுப்போகும்.

ஊருக்குள் கார் கிடையாது, ஆட்டோ கிடையாது. நானூறுக்கு மேல் பாலம், முக்கால்வாசிக்கும் மேல் படி வைத்தவை. 'பட்டுப்புடவை எதுக்கு நாலு?', 'லீவுல லேப்டாப் எதுக்கு?' என்ற விவகாரங்களை ஊரிலேயே கிளப்பி வீணாக்காதீர்கள். பெட்டியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு மூன்றாவது பாலத்தின் உச்சிக்கு வந்ததும் கிளப்புங்கள். பின்னால் வரும் ஜப்பானியப் பயணிகள் மரியாதையாக நின்று காத்திருப்பார்கள்.

கோந்தோலா சவாரிக்கு நகராட்சி வைத்த விலை பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. தலைக்கு இல்லை, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம். "இன்னும் மூணு பேரைச் சேர்த்துக்கிட்டா ஆளுக்குப் பதினெட்டுதானே வருது?" என்று கணவன் மனக்கணக்குப் போட்டுச் சொன்ன பிறகு படகில் நிலவும் அமைதியும் அந்த 90 யூரோவில் அடக்கம்.

வெரோனாவில் இறங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். ஜூலியட் வீட்டு மாடம், பழைய வீட்டில் 20ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து பொருத்தியது. இதை மனைவி மாடத்தில் நின்று கீழே பார்க்கும்போது சொல்லாதீர்கள். ரயில் ஏறியபின் சொல்லுங்கள்.

புளோரன்ஸ், 'எல்லாத்தையும் நான் ஒருத்தியேதான் பார்க்க வேண்டியிருக்கு' என்ற சண்டைக்கு உரிய தலம். அதற்கு ஸ்தல புராணமே உண்டு. பேராலயத்தின் அந்தப் பிரமாண்டமான குவிமாடத்தைக் கட்டும் பொறுப்பை 1420-ல் புருனெல்லெஸ்கியிடம் கொடுத்தவர்கள், சும்மா இருக்காமல் கிபெர்த்தியையும் சேர்த்து நியமித்தார்கள். ஏற்கெனவே 1401-ல் ஞானஸ்நான மண்டபக் கதவுப் போட்டியில் கிபெர்த்தியிடம் தோற்றவர் புருனெல்லெஸ்கி. வேலை இவருக்கு, பெயரில் பாதி அவருக்கு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், ஒரு நாள் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு உடம்பு சரியில்லை என்று படுத்துவிட்டாராம். கொத்தனார்கள் வந்து அடுத்து என்ன செய்வது என்று கேட்க, "அதான் கிபெர்த்தி இருக்காரே, அவரையே கேளுங்க" என்கிற தோரணையில் பதில். கிபெர்த்திக்கு ஒன்றும் ஓடவில்லை, வேலை நின்றுபோனது என்று, கலைஞர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதிய வசாரி எழுதிவைத்திருக்கிறார். குவிமாடத்தின் உச்சிக்கு 463 படி, லிஃப்ட் கிடையாது. ஏறி இறங்கிய மறுநாள் காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுங்கள். டிக்கெட், பஸ், சாப்பாடு எல்லாவற்றையும் அவரே பார்க்கட்டும். இதில் ஒரு அபாயமும் உண்டு. மாலையில் அவர் போத்திச்செல்லியின் வீனஸைப் பார்த்துவிட்டு, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, தோல் பை ஒன்றும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பி வந்தால் தலைவலி நிஜமாகவே வந்துவிடும். அந்த வீனஸ் இருக்கும் உஃபீசி மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. எனவே படுப்பதற்கு உகந்த நாள் திங்கள்.

சாப்பாட்டு மேஜைக்கு வருவோம். புளோரன்ஸ் இருக்கும் டஸ்கனி வட்டாரத்து ரொட்டியில் உப்புப் போட மாட்டார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வாய்விட்டுச் சொன்னாலும் பரிமாறுகிறவருக்குப் புரியப்போவதில்லை. ஆனால் கைப்பையைத் திறந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்தால் எல்லா மொழியிலும் புரியும். அந்த உப்பில்லாத ரொட்டி, கரிக்கும் சீஸோடும் உப்பிலிட்ட இறைச்சியோடும் சேரும்போதுதான் நியாயமாகப்படும். அசைவக்காரர் 'பிஸ்தெக்கா' என்று ஆசையாகச் சொன்னால், ஒரு கிலோவுக்குக் குறையாத எலும்போடு கூடிய மாட்டிறைச்சித் துண்டு வரும். எடை போட்டுத்தான் விலை. மேலே கருகியும் உள்ளே சிவந்தும் இருக்கும். "இன்னும் கொஞ்சம் வேகவெச்சுக் குடுங்க" என்று கேட்கலாம். அதற்குக் கிடைக்கும் பார்வையை வர்ணிக்க முடியாது. சைவக்காரர் அந்நேரம் ரொட்டியும் பீன்ஸும் கறுப்பு முட்டைக்கோஸும் சேர்த்துக் கொதிக்கவைத்த சூப்பைக் குடித்துக்கொண்டு, பார்மசான் சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை சேர்க்கிறார்கள் என்ற செய்தியை அன்றுதான் செல்போனில் படிப்பார். பில் வந்ததும் ரொட்டிக்கும் மேஜை விரிப்புக்கும் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். "யாரு ரொட்டி கேட்டது?" என்பது பழைய கேள்விதான், ஆனாலும் ஒவ்வொரு ராத்திரியும் எடுபடும்.

இனி கார். கியாந்தி மலைச்சரிவுகளில் பஸ்ஸை நம்பிப் போனால் சண்டைக்கு நேரம் மிஞ்சாது, பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே போய்விடும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம். நம் ஊர்க் கைப்பழக்கத்தில் இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடும். ஒவ்வொரு திருப்பத்திலும் வெயிலில் வைப்பர் ஆட்டிக்கொண்டு போகும் காரைப் பார்த்தால் உள்ளே நம்மவர்கள் என்று கண்டுகொள்ளலாம். ஆட்டோமேட்டிக் கியருக்கு வாடகை கூடும். 'எனக்கு கியர் வண்டியே போதும்' என்று சொன்னவர், சுவருக்கும் சுவருக்கும் நடுவே செங்குத்தாக ஏறும் சந்தில், பின்னால் ஒரு குட்டி லாரி ஒட்டி நிற்க, ஹாஃப் கிளட்சில் தவிக்கும்போது பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசக் கூடாது. 'நான் ஒண்ணுமே சொல்லலை' என்றுகூடச் சொல்லக் கூடாது. டோல்கேட்டில், கருவி பொருத்திய வண்டிகளுக்கான மஞ்சள் நிற டெலிபாஸ் வரிசையில் மட்டும் நுழைந்துவிடாதீர்கள்.

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்ற சண்டைக்குக் கியாந்தியில் சேவலே சாட்சி. புளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் எல்லைத் தகராறு. சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குதிரை வீரன் கிளம்புவது, சந்திக்கும் இடமே எல்லை என்று ஒப்பந்தம். சியேனாக்காரர்கள் ஒரு வெள்ளைச் சேவலைத் தீனி போட்டுக் கொழுக்கவைத்தார்கள். அது சாவகாசமாகத் தூங்கியது. புளோரன்ஸ்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். அது விடிவதற்கு முன்பே பசியில் கூவிவிட்டது. சியேனா வீரன் 12 கிலோமீட்டர்கூடத் தாண்டுவதற்குள் எதிராளி வந்து நின்றான். கியாந்தி நிலம் பூராவும் புளோரன்ஸுக்குப் போனதாகக் கதை முடிகிறது. கியாந்தி கிளாசிக்கோ ஒயின் பாட்டில் கழுத்தில் அந்தக் கறுப்புச் சேவல் இன்றும் நிற்கிறது. சீக்கிரம் கிளம்ப விரும்புகிறவர் முந்தின ராத்திரி மற்றவருக்குச் சாப்பாடு குறைவாகக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் யோசனை.

ஒயின் பண்ணையில் ருசி பார்க்கப் போகும்முன் யார் ஓட்டுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹாலுக்கு மேல் போனால் தண்டனை. லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷம் ஆகாதவருக்கு அந்த அரை கிராமும் கிடையாது. ஓட்டுகிறவர் வாயில் கொப்பளித்துத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். முதல் கோப்பையைத் துப்பும்போது பெருமையாக இருக்கும். நாலாவது, வயதான ரிசர்வா ஒயின் என்று சொல்லி ஊற்றும்போது, பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடி, "செர்ரிப் பழம்... அப்புறம் லேசா புகையிலை..." என்று முனகினால், துப்பிய வாயாலேயே பேசத் தொடங்கலாம். நேற்றுவரை ஜலதோஷத்துக்கு மிளகு ரசம்தவிர எதையும் முகர்ந்து பார்க்காதவர் அவர் என்பதை அந்த ஒயின்காரருக்கு எடுத்துச் சொல்லுங்கள். மொந்தால்சீனோவுக்குப் போனால் விலையைப் பார்த்துவிட்டுக் கோப்பையைத் தொடுங்கள். அங்கே புருனெல்லோ ஒயினை, அறுவடை வருஷத்துக்குப் பிறகு ஐந்தாவது வருஷத்து ஜனவரி முதல் தேதிவரை கடைக்கு அனுப்பவே கூடாது. 2020-ல் பறித்த திராட்சை 2025-ல் வெளியே வந்தது. 'அஞ்சு வருஷம் பொறுமையா இருந்திருக்கு பாருங்க' என்று அதையும் உதாரணம் காட்டிப் பேசலாம்.

ஊருக்குள் காரை விடுவதுதான் இந்தப் பயணத்தின் உச்சக்கட்டம். பழைய ஊர்களின் நடுப்பகுதியில் வெளியார் வண்டிக்குத் தடை. சிவப்பு வட்டம் போட்ட வெள்ளைப் பலகை, பக்கத்தில் ஒரு கேமரா. மறிக்க ஆள் நிற்காது. ஓட்டல்காரி வாசலில் நின்று கையசைப்பாள், நாமும் அசைத்துக்கொண்டே உள்ளே போவோம். வழி தவறி இரண்டு சுற்று சுற்றினால் கேமராவுக்கு எதிரே எத்தனை தடவை போனோமோ அத்தனை அபராதம். வெளிநாட்டில் இருப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்கு முன்பே, உங்கள் விலாசத்தைப் போலீசுக்குக் கொடுத்ததற்காக வாடகைக் கார் கம்பெனி கார்டிலிருந்து ஒரு தொகையை எடுத்துவிடும். இத்தாலி முடிந்தது என்று அசந்திருக்கும்போது, தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுகூட ஒரு சண்டை தபாலில் வந்து சேரும்.

'எங்க வீட்டுல' என்று ஆரம்பிக்கும் சண்டைக்கு சான் ஜிமிஞானோ. பணக்காரக் குடும்பங்கள் ஒன்றை ஒன்று மட்டம் தட்டுவதற்காகவே கோபுரம் கட்டிய ஊர். 72 கோபுரம் இருந்ததாகச் சொல்வார்கள், இன்று நிற்பவை 14. நகரசபைக் கோபுரத்தைவிட யாரும் உயரமாகக் கட்டக் கூடாது என்று 1255-ல் சட்டம் போட்டுப் பார்த்தார்கள். சால்வூச்சி குடும்பம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டாகக் கட்டிக்கொண்டது. தனியாகப் பார்த்தால் சட்டத்துக்குள், சேர்த்துப் பார்த்தால் எல்லாரையும்விட உயரம். அத்தை மகன் அமெரிக்காவில் வீடு வாங்கியதையும் சித்தப்பா பெண்ணுக்கு ஐம்பது பவுன் போட்டதையும் இதன் கீழே நின்று பேசினால் ஒரு களை வரும்.

சியேனாவில் சண்டைக்கு அரசாங்க அந்தஸ்தே இருக்கிறது. ஊரில் 17 பேட்டை. வருஷத்தில் ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் நடுச் சதுக்கத்தில் மண்ணைக் கொட்டி, பத்துப் பேட்டைகளின் குதிரைகள் சேணமில்லாமல் மூன்று சுற்று ஓடும். மொத்தமே ஒன்றரை நிமிஷம். அதற்காக வருஷம் பூராவும் பகை. கணவன் ஒரு பேட்டை, மனைவி எதிர்ப் பேட்டை என்றால் அந்த நாட்களில் அவரவர் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவதும் உண்டு. நம் ஊரில் ஆடி மாசத்துக்குப் பிரித்துவைப்பது போலத்தான், காரணம்தான் குதிரை. ஆகஸ்ட் 16 பெரும்பாலும் ஆடி முடிகிற நாளாக அமைவது தற்செயல். ஓட்டுபவன் விழுந்துவிட்டாலும் குதிரை மட்டும் முதலில் வந்தால் அந்தப் பேட்டை ஜெயித்ததுதான். இரண்டாவதாக வருவதுதான் அங்கே பெரிய அவமானம். சமாதானப்படுத்தத் தெரியாத கணவன்மார்கள் இந்த விதியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

வரவு செலவுச் சண்டைக்குப் பியென்ஸா. போப் இரண்டாம் பயஸ் தான் பிறந்த குக்கிராமத்தை 1459-ல் தொடங்கி மாதிரி நகரமாக்கினார். கட்டியவர் ரோசெல்லினோ. மதிப்பீட்டைத் தாண்டிச் செலவு பல மடங்கு எகிறிவிட்டது. கூப்பிட்டு அனுப்பினார் போப். நடுங்கிக்கொண்டு வந்த ரோசெல்லினோவிடம், நீ மட்டும் உண்மைச் செலவைச் சொல்லியிருந்தால் நான் கட்டவே விட்டிருக்க மாட்டேன், பொய் சொன்னதே நல்லதாகப் போயிற்று என்று பாராட்டி வெகுமதியும் கொடுத்தாராம். போப்பே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தோல் பையின் நிஜ விலையை இந்த ஊரில் வைத்து ஒப்புக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே முத்தத் தெரு, காதல் தெரு என்று இரண்டு சந்து இருக்கிறது. விலை சொன்ன பிறகு அங்கே போய்ப் பயனில்லை.

பேச்சுவார்த்தை முற்றிலும் முறிந்தவர்கள் ஓர்வியேத்தோவுக்குப் போக வேண்டும். 1527-ல் ரோம் சூறையாடப்பட்டதும் தப்பி வந்த போப் ஏழாம் கிளெமென்ட், முற்றுகை வந்தால் தண்ணீருக்கு வேண்டுமே என்று பாறையில் ஒரு கிணறு வெட்டச் சொன்னார். ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம். சுற்றிச் சுற்றி இறங்கும் 248 படி. அதே போல ஏறுவதற்குத் தனியாக இன்னொரு படிவரிசை. தண்ணீர் சுமக்கும் கழுதைகள் இறங்கும்போதும் ஏறும்போதும் ஒன்றுக்கொன்று எதிர்ப்படவே கூடாது என்று கட்டடக் கலைஞர் சாங்கல்லோ போட்ட திட்டம். நடுவில் ஜன்னல்கள் மட்டும் உண்டு. நீங்கள் இறங்கும்போது எதிர்ச் சுவரின் ஜன்னலில் அவர் ஏறிக்கொண்டிருப்பது தெரியும். கையசைக்கலாம், முறைக்கலாம். ஆனால் வழியில் இடித்துக்கொள்ள முடியாது. கல்யாண மண்டபங்களில் இப்படி ஒரு படிக்கட்டு கட்டாதது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசி ஊராகக் கூபியோவை வைத்துக்கொள்ளுங்கள். உம்ப்ரியா மலைச்சரிவில் இருக்கும் இந்த ஊரில், பார்ஜெல்லோ நீரூற்றை மூன்று தடவை சுற்றி ஓடி, ஊர்க்காரர் ஒருவர் சாட்சியாக அதன் தண்ணீரைத் தெளிக்கப் பெற்றால், 'இவர் பைத்தியம்' என்று பெயர் போட்ட சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். இவ்வளவு சண்டையிலும் நிரூபிக்க முடியாமல் போனதை எழுத்துப்பூர்வமாக வாங்கிவிட இதைவிட நல்ல வாய்ப்பு வராது. யார் முதலில் ஓடுவது என்று விவாதித்து நேரத்தைப் போக்காதீர்கள். கணவன் ஓடட்டும். மூன்று சுற்றும் முடிந்து, மூச்சு வாங்க, சட்டை நனைந்து நிற்கும்போது, மனைவி செல்போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, வீடியோ ஆன் ஆகவே இல்லைங்க" என்பாள். மறுபேச்சுப் பேசாமல் இன்னும் மூன்று சுற்று ஓடிவிடுங்கள்.